அக்கா ஏன் ஓடினாள்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் போட்டான்: "கோடை வகுப்புக் கூடம் ஞாபகம் இருக்குதா? தாவணி இல்லாம ரோட்டுல ஓடிச்சே ஒரு அக்கா." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒருத்தி, "அதெல்லாம் பொற்காலம்பா" என்று எழுதி ஒரு பூவையும் வைத்திருந்தாள்.

நமக்கெல்லாம் ஐம்பது நெருங்குகிறது. சர்க்கரைக்கு எது சாப்பிடலாம், முட்டிக்கு எந்த எண்ணெய் தேய்க்கலாம் என்று காலையில் பேசிக்கொள்கிற கூட்டம் நாம். இந்த வயதிலும் ஒரு பெண் ஓடியது சிரிப்பாக இருக்கிறது என்றால், அவள் ஏன் ஓடினாள் என்று உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். அவள் என் அக்கா. நான் சொல்கிறேன். உட்கார்ந்து கேளுங்கள்.

செஞ்சி மலைகளை மறந்திருக்க மாட்டீர்கள். யாரோ கூடை கூடையாய்ப் பாறாங்கல்லைக் கொட்டிவிட்டுப் போன மாதிரி நிற்கும். பகலெல்லாம் அந்தக் கல் வெயிலைக் குடிக்கும். பொழுது சாய்ந்ததும் குடித்ததை ஊர்மேல் ஊதும். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுக்கும். குரங்குகள்கூட ராஜகிரியை விட்டு இறங்கி பஸ் ஸ்டாண்டு நிழலில் மனிதர்களுக்குப் பக்கத்தில் மரியாதையாய் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு கோடையில்தான், ஒன்பதாவதில் கணக்கில் மட்டும் தவறிப்போன அக்காவுக்குக் கோடை வகுப்பு வந்தது. ஜூனில் மறுதேர்வு. தேறினால் பத்தாவது. தேறாவிட்டால் பனமலை.

பனமலை என்றால் கோயிலும் ஏரியும் நினைவுக்கு வரும் உங்களுக்கு. எங்களுக்கு அங்கே அம்மாவின் தம்பி இருந்தார். கஞ்சி போட்ட வேட்டி முடமுடக்க ஞாயிற்றுக்கிழமை வருவார். அக்கா கொண்டுவந்து வைக்கிற தண்ணீரைச் சொட்டு விடாமல் குடிப்பார். கெட்டவர் இல்லை. அவளைவிட ரொம்ப மூத்தவர், அவ்வளவுதான்.

"அவனுக்கே குடுத்துடலாம்" என்பார் எங்கள் அப்பா, நைனா.

"என் தம்பிதான். அதனாலதான் சொல்றேன், வேணாம்" என்பாள் அம்மா. "அவன் வேட்டிக்குக் கஞ்சி போடறதுலயே இவ ஆயுசு போயிடும்."

"அப்ப பாஸ் பண்ணச் சொல்லு. பாஸ் பண்ணா படிக்கட்டும். இல்லன்னா ஆடி முடிஞ்சி கல்யாணம்."

அதுதான் பேச்சு முடிவு. அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தோல் ஒரு பக்கம், வேர்க்கடலை ஒரு பக்கம். அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பாயில் என் காதில்தான் சொல்லுவாள்: "பத்தாவது புஸ்தகத்துல படமே இருக்காதாம்டி. முழுக்க எழுத்துதானாம்." ஏதோ பிரியாணியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லுவாள்.

திட்டம் நல்ல திட்டம்தான். அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் பள்ளிக்கூடத்தில் கோடை வகுப்பு. மதியம் வகுப்பு விட்டால் பிள்ளைகள் எங்கே போவார்கள்? மல்லாட்டை பிடுங்குகிற காலம். அம்மாக்கள் கொல்லைக்காட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் எங்கள் அம்மாவைப் போல மார்க்கெட் கமிட்டியில் முறமும் கையுமாய் இருப்பார்கள். வீடு பூட்டியிருக்கும். கோட்டைக் குளங்களில் போய் விழுந்து வைக்கப்போகிறார்கள் என்று, பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டைத் தாண்டி இருந்த சமுதாயக் கூடத்தை டவுன் ஆபீஸ் திறந்துவிட்டது. மதியச் சோறு. சோற்றுக்குப் பிறகு கணக்கு சார் வந்து தனிப்பாடம். ஆறு மணிக்கு அம்மாக்கள் வந்து அழைத்துப் போகலாம்.

ஒரு சிக்கல். பெண்பிள்ளைகள் வரவில்லை. தம்பி தங்கையை யார் பார்ப்பது? சரி, அவர்களையும் தூக்கிக்கொண்டு வாருங்கள், காலையிலேயே கூடத்தைத் திறந்துவிடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் நான் போனேன், மூன்றாவது முடித்திருந்தேன். உங்களில் பலரும் அப்படி ஒட்டிக்கொண்டு வந்தவர்கள்தான். நமக்கு அது பொற்காலம். அலுமினியத் தட்டில் சாம்பார் சாதம், சுவரோரம் கரிக்கோட்டில் நொண்டி ஆட்டம், கல்யாண மேடைக்குக் கீழே ஒளிந்து விளையாட ஒரு இருட்டு. மேடைக்கடியில் எப்போதோ நடந்த கல்யாணத்தின் ஜிகினாத் தாள் கிடக்கும். அதைப் பொறுக்கி நகத்தில் ஒட்டிக்கொள்வோம். எனக்கும் அந்த ஜிகினா பிடிக்கும். கோபம் அதன்மேல் இல்லை.

கூடத்தை நடத்திய பெண்மணியைக் கூடத்தம்மா என்போம். முட்டி வீங்கியவர். நாற்காலியில் உட்கார்ந்தால் கைகொடுத்துத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவர் ஒருத்தரை நம்பித்தான் அத்தனை பிள்ளைகளையும் விட்டிருந்தார்கள். பாவம்தான். ஆனால் நாக்கு வெல்லம்.

"என் தங்கமே, அந்தக் குட்டிய கொஞ்சம் கழுவி வுடு."

"என் ராசாத்தி, இதுக்கு ரெண்டு வாய் ஊட்டிடு, உன் கையின்னா துண்ணுது."

அக்காதான் தங்கம். அக்காதான் ராசாத்தி. ஒன்பதாவது படித்த மற்றப் பெண்பிள்ளைகளும் கொஞ்சம் தங்கம், கொஞ்சம் ராசாத்தி. பையன்களும் ஃபெயில்தான். அவர்களுக்கும் தம்பி தங்கை உண்டு. மூக்குச் சிந்திவிட அவர்களை யாரும் தங்கமே என்று கூப்பிடவில்லை. புகழ்ச்சியில் ஒரு கயிறு இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது யாராவது என்னைப் "பொறுப்பானவங்க" என்று சொன்னால், உடனே நான் கதவு எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன்.

சோறு முடிந்ததும் கணக்கு சார் வருவார். கூடத்தில் ஓடியது ஒரே ஒரு மின்விசிறி. அது மேடைப் பக்கம். அதற்கு நேர்கீழே கரும்பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு சொல்லுவார்: "பொம்பளப் புள்ளைங்கள்லாம் சின்னதுங்கள தூங்க வச்சிட்டு வாங்க. நான் ஆரம்பிக்கிறேன்."

சின்னதுகள் என்றைக்கு ஒன்றாகத் தூங்கியிருக்கின்றன? ஒன்று கண்ணை மூடினால் இன்னொன்று சிணுங்கும். சிணுங்கலில் மூடியது முழித்துக்கொள்ளும். கல்யாணத்துக்குத் தோரணம் கட்டுகிற கொக்கிகளில் புடவையைத் தொங்கவிட்டுத் தூளி கட்டியிருந்தார்கள். அக்கா தூளிக்கயிற்றைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, தொடையில் இன்னொரு பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தட்டிக்கொண்டு, காதை மேடைப் பக்கம் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கேள்வி காதில் விழும். ஒரு குழாய் தொட்டியை நிரப்பும், இன்னொரு குழாய் காலிசெய்யும், இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிரம்பும். கேள்வி முழுசாய் வந்து சேரும். வழியைச் சொல்லும்போது இங்கே ஒன்று வீறிடும். அதற்குள் சார் அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

என்னை அனுப்புவாள். "போய் சார் பக்கத்துல உக்காந்துட்டு எப்பிடிப் போடறாருன்னு பாத்துட்டு வா."

நான் ஓடிப்போய் உட்கார்ந்து, விடையை வாய்க்குள் வைத்து, சிந்தாமல் ஓடிவருவேன்.

"இருவது."

"எப்பிடி வந்துச்சி?"

"தெர்ல. கீழ ரெண்டு கோடு போட்டாரு. இருவதுன்னாரு. பையனுங்கல்லாம் இருவதுன்னானுங்க."

அக்கா தலையிலடித்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு சுண்ணாம்புக்கட்டியால் சிமெண்டுத் தரையிலேயே அந்த இருபதை எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கி நடப்பாள். எந்த வழியாய் வந்தால் இந்த ஊருக்கு வந்து சேரலாம் என்று தேடுகிற மாதிரி. பாதி வழியில் ஏதாவது ஒரு பிள்ளை தவழ்ந்து வந்து, கணக்கின்மேல் உட்கார்ந்து, ஈர ஜட்டியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும். மறுபடி எழுதுவாள். அப்படித்தான் கற்றுக்கொண்டாள். நான் பார்த்தேன்.

மே பாதியில் ஆபீசர் பாப்பா வந்தது. திட்டத்தை மேற்பார்வை பார்த்த ஆபீசரின் பிள்ளை. நடை பழகி ஓடத் தொடங்கிய ஆண்குழந்தை. அதற்குக் கோடை வகுப்புப் படிக்கிற அக்காவும் இல்லை, அண்ணனும் இல்லை. அவர் மனைவி மஞ்சள்காமாலையில் தாய்வீட்டில் கிடந்தார். பிள்ளைக்கு ஒட்டிக்கொள்ளும் என்று இங்கேயே வைத்திருந்தார்கள். டவுன் ஆபீஸ் காவக்காரர் சைக்கிள் முன்கம்பியில் குட்டி சீட்டில் வைத்துக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கூடத்தம்மா வேறெங்கும் பார்க்காமல் நேராய், "என் தங்கமே" என்றார்.

அது அக்காவைத் தவிர யாரிடமும் சாப்பிடாது. தூங்கும்போது அவள் தாவணி நுனியை உள்ளங்கையில் சுருட்டி வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே தூங்கும். அக்கா எழுந்தால் முழித்துக்கொள்ளும். அன்றோடு அவள் மேடைப் பக்கம் காதை நீட்டுவதும் நின்றது. பிள்ளைமேல் எனக்குக் கோபமா என்றால், இல்லை. அதன் அம்மா பக்கத்தில் இல்லை. அது யாரையாவது பிடித்துக்கொள்ளத்தானே செய்யும்? அந்தப் பிடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

ஒருநாள் அம்மாவுக்கு வேலை நீண்டுவிட்டது. எங்களைக் கூட்டிப்போக நைனா வந்தார். மூட்டை தூக்கிய உடம்பு, தோளில் துண்டு, முடியெல்லாம் நெல்தூசி. கூடத்து வாசலில் நின்றார். உள்ளே அக்கா அந்தப் பிள்ளைக்குத் தயிர்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தாள். விரலால் மசித்து, உருட்டி, வாயில் வைத்தாள். அது அவள் விரலையும் சேர்த்துச் சப்பியது. நைனா உள்ளே வரவில்லை. கூப்பிடவும் இல்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அந்தச் சோறு முடிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றார்.

வழியில் எங்கள் இரண்டு பேருக்கும் சேமியா ஐஸ் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்குப் போனதும் தெருவில் நின்று, யார் போனாலும் சொன்னார்.

"ஆபீசர் வூட்டுப் புள்ள. நம்ம பொண்ணு கையிலதான் துண்ணுது. வேற ஆரு குடுத்தாலும் துப்பிடுதாம்."

உங்களில் சிலருக்கு இது புரியாது. சிலருக்குச் சொல்லவே வேண்டாம். நாங்கள் காலனி. அந்த ஆபீசர் எந்த மாதிரித் தெருவில் பிறந்திருப்பார் என்று அவர் பேச்சிலேயே தெரியும். நைனா பையனாய் இருந்தபோது அந்த மாதிரித் தெருவில் மாடு மேய்க்கப் போனவர். தாகத்துக்குக் கேட்டால் உள்ளங்கையைக் குவிக்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவார்கள். சொம்பு கையில் படாது. பாதித் தண்ணீர் முழங்கை வழியாய் மண்ணுக்குப் போகும். அந்த முழங்கையை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார், ஆயுசு பூராவும். இப்போது அந்தத் தெருப் பிள்ளை அவர் பெண்ணின் விரலைச் சப்பிச் சாப்பிடுகிறது. அவருக்கு அதைவிடப் பெரிய பரீட்சை எது?

அம்மா மட்டும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "துண்ணா துண்ணட்டும். அது துண்ணுட்டு வளந்து ஆபீசராப் போவும். இவ?"

"உனக்கு எதுவுமே பெருசாத் தெரியாது."

"எனக்குப் பத்தாவது பெருசாத் தெரியுது."

மறுதேர்வு அன்று அம்மா விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது, "நீ கூடவே போய் ஸ்கூலுக்குள்ள வுட்டுட்டு வா" என்று நைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அக்கா தலைக்குக் குளித்து, வெள்ளைத் தாவணியும் நீலப் பாவாடையும் கட்டி, பரீட்சை அட்டையைத் துடைத்து வைத்திருந்தாள். அட்டையின் கிளிப் தளர்ந்து போனதால் அதில் ரப்பர் பேண்டு சுற்றியிருந்தாள். இட்லி இறங்கவில்லை. அப்போது சைக்கிள் மணி. காவக்காரர்.

"அண்ணே, ஆபீசர் புள்ளைக்கு ராத்திரியிலேர்ந்து ஜொரம். மருந்தும் எறங்கல, கஞ்சியும் எறங்கல. கூடத்துல வுட்டுட்டு அவரு விழுப்புரம் மீட்டிங்குக்குப் போயிட்டாரு. பொண்ண வரச் சொல்றாங்க. பத்து நிமிஷம்."

"எனக்குப் பரிட்ச" என்றாள் அக்கா.

"பத்து மணிக்குத்தான? இன்னும் நேரம் கெடக்குது."

"நைனா, அம்மா இன்னா சொல்லிட்டுப் போச்சி?"

"அம்மா கெடக்குறா. ஆபீசரு ஆள் அனுப்பிக் கூப்புடுறாரு நம்ம வூட்டுக்கு. ஊட்டிட்டு அப்பிடியே ரோட்டத் தாண்டு, எதிர்லதான ஸ்கூலு."

அவர் முகம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. கெட்ட முகம் இல்லை. சிரித்த முகம். கல்யாண வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி பூரித்த முகம். அதனால்தான் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. திட்டி அனுப்பியிருந்தால் மன்னித்திருப்பேன். அவர் எங்களோடு வரவும் இல்லை. நானும் அக்காவும் காவக்காரர் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாய்ப் போனோம்.

கூடத்தில் பிள்ளை துவண்டு கிடந்தது. அக்காவைப் பார்த்ததும் கையை நீட்டியது. மடியில் போட்டு, கஞ்சியைச் சங்கில் ஊற்றிப் புகட்டி, மருந்தையும் இறக்கிவிட்டாள். அவள் தாவணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அது கண்ணயர்ந்தது. நெருப்பு மாதிரி உடம்பு. எதிரே பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்தது.

"மெல்ல எடுத்துப் படுக்க வைக்கிறேம்மா" என்றாள் அக்கா.

"எழுப்பாத. இப்பதான் அசந்துது. எழுந்தா மருந்த கக்கிடும்" என்றார் கூடத்தம்மா.

"பரிட்சம்மா."

"மொத மணிதான. பேப்பர் குடுக்கவே நேரம் ஆவும். சார்கிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ உக்காரு தங்கம்."

"எப்ப சொல்லுவீங்க? நீங்க எழுந்திருக்கவே ரெண்டு ஆளு வேணும்."

அக்கா பெரியவர்களிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. கூடத்தம்மாவும் கேட்டதில்லை. "நல்ல பொண்ணுன்னு நெனச்சேன்" என்றார், வெல்லம் இல்லாமல்.

இரண்டாவது மணி. அக்கா அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தாள். ஒன்றைப் பிரித்தால் பிரித்த விரல் மறுபடி மூடிக்கொண்டது. பிள்ளை முனகியது. கூடத்தம்மா "ஸ்ஸ்" என்றார். அரைமணிக்கு மேல் போனால் உள்ளே விடமாட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னிடம் என்ன இருந்தது அவளுக்குக் கொடுக்க?

தோளில் இருந்த ஊக்கைக் கழற்றினாள். இடுப்பிலிருந்து தாவணியை உருவினாள். முழுத் தாவணியையும் பிள்ளையின் கையோடு விட்டுவிட்டு, அதைப் பூமாதிரி பாயில் இறக்கினாள். அது முழிக்கவில்லை. பரீட்சை அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அடியே, இன்னாடி இது கோலம்" என்றார் கூடத்தம்மா. நாற்காலிப் பிடியை அழுத்தினார். எழுந்திருக்க முடியவில்லை.

ஓடினாள். பாவாடை, ஜாக்கெட், நெஞ்சில் ஒரு அட்டை. திருவண்ணாமலை ரோடு. டீக்கடையில் ஆண்கள். சிங்கவரம் பஸ் பிரேக் போட்டு நின்றது. யாரோ விசிலடித்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி என்னமோ சொல்ல பஸ்ஸே சிரித்தது. கூடத்து ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டு நீங்களும் பார்த்தீர்கள். "ஓடுது பாரு, ஓடுது பாரு" என்று கத்தினீர்கள். பிள்ளைகள்தானே, தெரியாது. ஆனால் அந்த ரோட்டில் நின்ற பெரியவர்களில் ஒருவருக்கும், பத்து மணி வெயிலில் ஒரு பெண் பரீட்சை அட்டையோடு ஓடினால் அவள் எங்கே ஓடுகிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லையே. அட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது. அது மறைத்ததைத்தான் பார்த்தார்கள்.

பரீட்சை அறையில் தையல் டீச்சர் இருந்தார். கேள்வி கேட்காமல், மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியை மைக்கூட்டோடு இழுத்து, மைக்கூட்டைப் பிடித்துக்கொண்டு, துணியை அவள் தோளில் போட்டாராம். "மீதி நேரத்த வீணாக்காத" என்றாராம். அவ்வளவுதான். அந்த ஊரில் அன்று மூளை இருந்த ஒரே ஆள்.

அக்கா வீட்டுக்கு வருவதற்குள் கதை வந்துவிட்டது. நைனா வாசலில் காத்திருந்தார். அதுவரைக்கும் அவர் அவளை அடித்ததில்லை.

"பத்து நிமிஷம் உக்காந்திருந்தா இன்னா? ரோட்டுல எல்லாம் பாத்தானுங்களே, எல்லாம் பாத்தானுங்களே."

"நீதான நைனா அனுப்பின."

இரண்டாவது அடி அதற்கு. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது அம்மா வந்துவிட்டாள். தலையில் சும்மாடு, கையில் முறம். நடுவில் வந்து நின்றாள். "அடி" என்றாள் நைனாவிடம். "மூட்ட தூக்கற கைதான, அடி. ஆனா எதுக்கு அடிக்கிறன்னு சொல்லிட்டு அடி." அவர் கை இறங்கியது. சொல்ல இருந்ததெல்லாம் அவர் முழங்கையில் வழிந்த பழைய தண்ணீர்.

அக்கா பாஸ். பள்ளிக்கூட நோட்டீஸ் போர்டில் எண் இருந்தது. நான்தான் போய்ப் பார்த்துவந்து சொன்னேன். நைனா தலை நிமிரவில்லை. "பாஸானா ஆச்சி. அதே ரோட்டுல பைய மாட்டினு இவ போவ வேணாம்" என்றார். பேச்சு முடிவு, அவர் போட்டது, அவரே முறித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பனமலை மாமா வந்தார். தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஊர்ல ஆயிரம் சொல்லுவாங்க அக்கா. நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல" என்று அம்மாவிடம் சொன்னார். பெருந்தன்மையாம். அந்தப் பெருந்தன்மைக்கு இன்றைக்கும் எனக்குப் பல் நறநறக்கிறது. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ராத்திரி பாயில் அக்கா புஸ்தகத்தைப் பற்றிப் பேசவில்லை.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின சாயங்காலம். மறுபடி அந்த சைக்கிள் மணி. காவக்காரர். முன்கம்பியில் ஆபீசர் பாப்பா. ஜுரம் விட்டுக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ரெண்டு நாளா சரியாத் துண்ணல. இட்டுனு போய் அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துப் பாருன்னு ஆபீசரு அனுப்பிட்டாரு." பிறகு, ஏதோ பரிசு கொண்டுவந்த மாதிரி நைனாவைப் பார்த்துச் சொன்னார்: "கூடம் இனிமேலும் நடக்குமாம், அதுல ஆயா வேல போட்டுக் குடுக்கிறேன்னும் சொல்லியிருக்காரு."

நைனா எழுந்தே விட்டார். அந்தத் தெருப் பிள்ளை எங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது. பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் நீண்டன. பிள்ளை அக்காவைப் பார்த்தது. இரண்டு கையையும் நீட்டியது.

அக்கா எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டி, விரல்களை அக்குளுக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

"தூக்கும்மா" என்றார் நைனா.

தூக்கவில்லை. பிள்ளை அழத் தொடங்கியது. முதலில் சிணுங்கல். பிறகு வீறல். பிறகு சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூச்சுப் பிடித்துக்கொள்கிற அழுகை. அக்கா கையை எடுக்கவில்லை.

"கல்லு மனசா உனக்கு?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள்.

"நாளைக்கி நான் ஸ்கூலுக்குப் போலாம்னு நைனா சொல்லட்டும். தூக்குறேன்."

அவளை ஒரு வார்த்தைகூடக் கேட்காதவர்கள் நடுவில், பதினைந்து வயதுப் பெண் ஒரு குழந்தையின் அழுகையை வைத்துப் பேரம் பேசினாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளிடம் வேறு எதையும் விட்டுவைக்கவில்லை நீங்களும் அவர்களும். அந்த அழுகை இன்றும் என் காதில் இருக்கிறது. அதை அழவைத்தது அக்கா இல்லை என்று யாரிடம் சொல்லி நிரூபிக்க?

நைனா காவக்காரரைப் பார்த்தார். தலைகளைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அம்மா அடுப்படி வாசலில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்தாள்.

"போய்த் தொல" என்றார்.

"தொலையறது இல்ல. போ, ஸ்கூலுக்குப் போன்னு சொல்லு" என்றாள் அம்மா.

"ஸ்கூலுக்குப் போ."

அக்கா எழுந்து அதை வாங்கினாள். வாங்கின மாத்திரத்தில் அது நின்றது. அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விக்கியது. உள்ளே போய்க் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து, முற்றத்தில் நடந்துகொண்டே ஊட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. கிண்ணம் காலியானதும் வாயைக் கழுவித் துடைத்து, சைக்கிள் சீட்டில் அவளே உட்காரவைத்தாள்.

"ஆபீசர்கிட்ட சொல்லுங்க" என்றாள் காவக்காரரிடம். "ஆயா வேலைக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க. இது துண்ணலன்னா சாய்ங்காலம் அஞ்சு மணிக்கு மேல இட்டுனு வாங்க, நான் ஊட்டுறேன். அதுக்கு முன்னாடி வந்தா நான் கெளாஸ்ல இருப்பேன்."

ஆபீசர் எதையாவது சொன்னால் ஆட்டுகிற மாதிரி, காவக்காரர் தலையை ஒருமுறை கீழே இறக்கி ஆட்டிவிட்டு, சைக்கிளைத் திருப்பினார்.